எந்த வளைவில் இருக்கிறார் வேடியப்பன்?

"எழுத்து முழுசா வரணும் அங்கிள். எதுவும் கட் ஆகிடக் கூடாது."

போன வாரம் ஜவ்வாது மலை மேல் ஓர் இளம் தம்பதி என் கையில் போனைத் திணித்துவிட்டுச் சொன்னது இது. அவர்களுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இங்கிலீஷ் எழுத்துகள். நடுவில் சிவப்பாக ஓர் இதயம். இப்போது எந்த ஊருக்குப் போனாலும் இருக்கிறதே — 'ஐ லவ்' என்று ஆரம்பித்து ஊர்ப் பெயரில் முடியுமே — அந்தச் சமாச்சாரம். செல்ஃபி பாயின்ட்.

எடுத்துக் கொடுத்தேன். எழுத்து முழுசாக வந்தது. கணவரின் ஒரு கைதான் ஃபிரேமுக்கு வெளியே போய்விட்டது. அந்தப் பெண் பெரிய மனசு பண்ணி 'பரவால்ல அங்கிள்' என்றாள்.

என் கவனம் போட்டோவில் இல்லை. அந்த எழுத்துகள் நிற்கிற இடத்தில், போன தடவை நான் வந்தபோது ஒரு கல் நின்றது. கல்லுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. டீக்கடைக்குப் பின்னால் ஒரு புளியமரம். இப்போது மூன்றும் இல்லை.

"சார், டீ?"

திரும்பிப் பார்த்தால் கோவிந்தன். அந்த டீக்கடையின் முதலாளி. பழைய மொபெட் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தார். பின்னால் கயிறு போட்டுக் கட்டிய கேன், ஹேண்டிலில் பேப்பர் கப்புகள்.

"இன்னா சார் அப்டி பாக்குறீங்க? கட போயிடுச்சி. ஆளு கீறேன்" என்றார்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கும் கோவிந்தனைத் தெரியாது. வருஷா வருஷம் சாமை வாங்குகிற சாக்கில் மலை ஏறுவேன், அவர் கடையில் உட்காருவேன். அவரை எனக்கென்று பத்திரமாக வைத்திருந்தேன். இன்றைக்கு எழுத வேண்டியதாகிவிட்டது. ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள், கோர்ட்டில் கேஸ் நடக்கிறது. ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் கல்லைச் சொல்லிவிடுகிறேன்.

இடுப்பு உயரம் இருக்கும். வில் பிடித்த ஓர் ஆள், அவன் நெஞ்சில் தைத்த அம்புகள், காலடியில் கொஞ்சம் மாடுகள். தலைக்கு மேல் சில வரிகள் பழைய எழுத்து. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவனுக்கு என்றைக்கோ ஊர் நட்ட கல். படித்தவர்கள் நடுகல் என்பார்கள். ஊர்க்காரர்களுக்கு அவர் வேடியப்பன். எண்ணெய், மஞ்சள், எலுமிச்சம்பழம், வருஷத்துக்கு ஒரு சேவல்... அவ்வளவுதான் அவருக்கு ஆகிற செலவு.

வேடியப்பனிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. அவர் காதில் விழுகிற தூரத்தில் நின்று பொய் சொல்லக் கூடாது. கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தால்தான் என்றில்லை. அங்கே நின்று வாயைத் திறந்தாலே அது சத்தியம்தான்.

அந்தக் கடைத்தெரு உண்டானதே இப்படித்தான். ஒரு காலத்தில் அது வெறும் மேட்டு நிலம். சாமையும் புளியும் தேனும் வாங்கக் கீழேயிருந்து வியாபாரிகள் ஏறி வருவார்கள். நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் தலைச்சுமையாகக் கொண்டு வருவார்கள். அளப்பது யார்? வியாபாரி. படி யாருடையது? அதுவும் வியாபாரியுடையது. மலைக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள் — கல்லுக்கு எதிரில் அளந்தால்தான் விற்போம்.

சந்தை அங்கே கூடியது. சந்தையைச் சுற்றிக் கடைகள் வந்தன. ஜீப் வந்து நின்றது, பஸ் வந்து திரும்பியது. சலூன், மாவு மில், உரக்கடை, கடைசியாக ரீசார்ஜ் கடை. ஊர்கள் ஆற்றங்கரையில் பிறக்கும், கோட்டை வாசலில் பிறக்கும். பொய் சொல்ல முடியாத ஓர் இடத்தைச் சுற்றிப் பிறந்த கடைத்தெருவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. (கீழ்நாட்டு வியாபாரிகள் கல்லுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அளந்தார்கள் என்றும் கேள்வி. நம் ஆட்கள் விடுவார்களா?)

பெண் வீட்டுக்காரர்களுக்கு அந்த இடம் இன்னும் வசதி. மாப்பிள்ளையை 'வாங்க, ஒரு டீ குடிக்கலாம்' என்று கோவிந்தன் கடைக்குக் கூட்டி வருவார்கள். பெஞ்சில் உட்கார வைத்து, பேச்சோடு பேச்சாக, 'குடிப்பீங்களா?' என்று கேட்பார்கள். டீயைக் கேட்கவில்லை என்பது மாப்பிள்ளைக்கும் தெரியும். எத்தனையோ கல்யாணங்கள் அந்த பெஞ்சிலேயே நின்றிருக்கின்றன.

கல்லுக்கு மிக அருகில் இருந்தது கோவிந்தன் கடைதான். வியாபாரத்துக்கு நல்ல இடம், வியாபாரிக்குக் கஷ்டமான இடம். "பால் இன்னிக்குக் கறந்ததா?" என்று ஒருமுறை கேட்டேன். "காலீல கறந்தது சார். தண்ணிதான் கொஞ்சம் தாராளமா ஊத்திட்டேன்" என்றார், முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு.

சரி, கதைக்கு வருகிறேன்.

சில வருஷங்களுக்கு முன், கீழே ஏதோ ஒரு கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுக்கிற வாத்தியார் ஒருவர் அங்கே வந்தார். நல்ல மனிதர். கல்லைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றினாராம். எண்ணெய்க்கும் மஞ்சளுக்கும் அடியில் முதல் வரியை மட்டும் எப்படியோ படித்துவிட்டார். மாடு மீட்கப் போய்ச் செத்தவன் என்று இருக்கிறதாம். "பேரு அடுத்த வரியில இருக்கணுங்க. தாள் ஒட்டிப் படியெடுத்தாத்தான் தெரியும். அடுத்த வாரம் வர்றேன்" என்று சொல்லி, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார். மறுநாளோ அதற்கு மறுநாளோ அது ஒரு பேப்பரில் வந்துவிட்டது.

பேப்பரைப் பார்த்து ஊர் சந்தோஷப்பட்டிருக்கும் என்று நினைப்பீர்கள். ஊர் நடுங்கிப் போனது.

காரணம் இருக்கிறது. பக்கத்து ஊரில் இரண்டு கற்கள் இருந்தன. ஒன்றில் எழுத்து, இன்னொன்றில் வெறும் உருவம். எழுத்து இருந்ததை மியூசியத்தில் வைத்துப் பாதுகாக்கிறோம் என்று டெம்போவில் ஏற்றிக் கீழே கொண்டு போனார்கள். எழுத்து இல்லாததை அங்கேயே விட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் சேவலும் கையுமாகக் கீழே போய்ப் பார்த்தால், சாமி ஒரு வராந்தாவில் கழுத்தில் நம்பர் அட்டையோடு நிற்கிறது. உள்ளே போக டிக்கெட் கேட்டிருக்கிறார்கள். கற்பூரம் ஏற்றக் கூடாது என்றிருக்கிறார்கள். சேவலைப் பற்றி இவர்கள் கேட்கவே இல்லை, அதையும் தூக்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார்கள்.

ஆக, கண்ணால் கண்ட பாடம் என்ன? எழுத்து இருந்தால் எடுத்துக்கொண்டு போவார்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். இதில் எங்கே தப்பு? அவர்கள் இடத்தில் நீங்களும் நானும் இருந்திருந்தாலும் இந்த முடிவுக்குத்தான் வந்திருப்போம்.

ஊர் கூடிப் பேசியது. சாமியிடமே பூ கேட்டார்கள். கல்லின் இரண்டு தோளிலும் பூ வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலது பக்கத்துப் பூ விழுந்தால் சம்மதம் என்று அர்த்தம். வலது பக்கம்தான் விழுந்தது. கோவிந்தனுக்கு அம்மி கொத்தத் தெரியும், அதனால் உளி அவர் வீட்டில் இருந்தது. சேவல் அறுத்து, மன்னிப்புக் கேட்டு, தலைக்கு மேல் இருந்த வரிகளை அம்மி கொத்துகிற மாதிரியே கொத்தி எடுத்துவிட்டார். தெறித்த சில்லுகளை மஞ்சள் துணியில் கட்டிக் கல்லின் காலடியிலேயே புதைத்தார்கள்.

சொன்ன மாதிரியே அடுத்த வாரம் வாத்தியார் தாளும் பிரஷ்ஷுமாக வந்து சேர்ந்தார். கல்லைப் பார்த்தார். பெஞ்சில் உட்கார்ந்தார். யாரையும் திட்டவில்லை, யாரிடமும் போய்ப் புகார் சொல்லவில்லை. ஒரு டீ குடித்துவிட்டு, இன்னொரு டீ கேட்டாராம். அந்த வீரனின் பெயர் இனிமேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். கல்லின் தலைக்கு மேல் தழும்பு மாதிரி வெளுத்திருந்ததைப் பார்த்து 'என்ன ஆச்சு?' என்று கேட்டேன், கோவிந்தன் சொல்லிவிட்டார். கல்லுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வேறு என்ன செய்வார்? 'எழுதிடாதீங்க சார்' என்றார், நானும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் போன வாரம் மொபெட்டுக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டுச் சொன்னார்.

மலைக்கு டூரிஸ்ட்டுகள் அதிகமாகிவிட்டார்கள். ரோடு அகலமாக வேண்டும், கார் நிறுத்த இடம் வேண்டும். சிவப்புப் பெயின்டில் கோடு போட்டார்கள். கோட்டுக்குள் கடைகள், புளியமரம், வேடியப்பன் எல்லாரும் அகப்பட்டுக்கொண்டார்கள். ஊர் திரண்டு போய் முறையிட்டது. விசாரிக்க ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. உண்மையிலேயே உதவி செய்யத்தான் நினைத்தார் என்கிறார் கோவிந்தன்.

அதிகாரி சொன்னது இது: "ரோட்டோரச் சாமிக்கெல்லாம் ரோட்ட வளைக்க முடியாதுங்க. ஆனா பழைய எழுத்து உள்ள கல்லுன்னா விஷயம் வேற. நான் எழுதி அனுப்பினா ரோடே கொஞ்சம் தள்ளிப் போகும். உங்க கடைங்களும் தப்பிக்கும். சொல்லுங்க, இதுல எழுத்து இருந்துச்சா?"

எங்கே நின்று கேட்டார்? கல்லுக்கு நேர் எதிரில்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'இருந்தது' என்றால், 'யார் அழித்தது?' என்று அடுத்த கேள்வி வரும். 'இல்லை' என்றால், கல்லும் போகும் கடையும் போகும். அதைக்கூட விடுங்கள். 'இல்லை' என்று எப்படிச் சொல்வது... அவருக்கு எதிரில் நின்றுகொண்டு?

"அவங்கவங்க கால் கட்ட வெரலப் பாத்துக்கினு நின்னாங்க சார். ஒருத்தரும் வாயத் தொறக்கல. அவரு என்னத்தான் பாத்துக்கினு இருந்தாரு" என்றார் கோவிந்தன்.

"ஆபீசரா?"

"வேடியப்பன் சார்."

கோவிந்தன் முன்னால் வந்து, "இருந்துச்சிங்க. நான்தான் கொத்துனேன்" என்று சொல்லியிருக்கிறார்.

அதிகாரிக்கு முகம் வாடிவிட்டதாம். "இத்தனை பேர் எதிர்ல ஏன்யா சொன்ன? ஆபீஸ் பக்கம் வந்து சொல்லக் கூடாதா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. ஆபீஸ் என்றால் பதிலும் வேறாக இருந்திருக்கும்.

அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சிரிப்பு வராத வேடிக்கை. ஒரு ஃபைலில், பழமையான சின்னத்தைச் சிதைத்ததாகக் கோவிந்தன் மேல் கேஸ். இன்னொரு ஃபைலில், கல்லில் எழுத்து எதுவும் காணப்படாததால் ரோடு வேலையைத் தொடரலாம் என்று உத்தரவு. அதே கல், அதே ஆபீஸ். கோவிந்தன் மேல் கேஸ் போடுகிற அளவுக்கு அது பழசு. ரோட்டைத் தள்ளிப் போடுகிற அளவுக்குப் பழசில்லை. வாத்தியார் எடுத்த போட்டோவும் ஆதாரமாக வந்து சேர்ந்தது. கல்லைக் காப்பாற்ற இல்லை, கேஸுக்கு.

நம் ஊரில் பழைய சின்னங்களுக்கு இரண்டே கதிதான். ஒன்று, வேலி போட்டு யாரையும் கிட்டே விடாமல் சாகடிப்போம். இல்லையா, ரோடு போட்டுச் சாகடிப்போம். நடுவில், கும்பிடுகிறவன் பாட்டுக்குக் கும்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது.

ஊர் கடைசியாக ஒன்று கேட்டது. நல்ல நாள் பார்த்து, மேளம் வைத்து, நாங்களே கல்லைப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டுக்கொள்கிறோம் என்றார்கள். ஆபீஸில் சரி என்று தலையாட்டினார்கள். நல்ல நாளுக்கு முன்னாலேயே ஜேசிபி வந்துவிட்டது. ஊரில் அன்றைக்கு ஒரு சாவு, எல்லாரும் அங்கே போயிருந்தார்கள். மரம், கடைச் சுவர், கல் எல்லாவற்றையும் ஒன்றாக வாரி டிப்பரில் கொட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

டிப்பர் டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். "மல ரோட்டு வளைவுங்கள்ல பள்ளம் ரொப்பக் கொட்டுனோம். எந்த வளைவுன்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றானாம். கோவிந்தனின் மனைவி மல்லிகாவும் இன்னும் சில பெண்களும் கடப்பாரையோடு வளைவு வளைவாக இறங்கித் தேடியிருக்கிறார்கள். பாதி வளைவுகளில் அதற்குள் தார் போட்டாகிவிட்டது.

காலியான இடத்தில்தான் இந்த 'ஐ லவ்' எழுத்துகள். இருட்டினால் உள்ளே லைட் எரியுமாம். எழுத்து இருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து இருந்த எழுத்தை அழித்தார்கள். இதோ, ஆள் உயரத்துக்கு எழுத்து. இதை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள்.

சந்தை இப்போது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நடக்கிறது. டிஜிட்டல் தராசு வந்துவிட்டது, அது காட்டுவதுதான் எடை. பெண் வீட்டுக்காரர்கள் புதிதாக வந்திருக்கிற ஐஸ்க்ரீம் பார்லரில் வைத்துப் பேசுகிறார்கள். அங்கே வருகிற மாப்பிள்ளைகள் யாருமே குடிப்பதில்லையாம்.

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மல்லிகா இன்னொரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். கேனைக் கீழே வைத்துவிட்டு நேராக என்னிடம் ஆரம்பித்தார்.

"நீங்களாவது இந்த மனுசனுக்குச் சொல்லுங்க சார். வர்ற வாரம் கீழ கோர்ட்ல வாய்தா. வக்கீலு ஒரே ஒரு வார்த்ததான் சொல்லச் சொல்றாரு, 'நான் கொத்தல'ன்னு. கொத்துனத நாங்க பாத்தோம்னு எங்க ஊர்ல எவனும் வந்து சொல்ல மாட்டான். கல்லும் இல்ல. கேஸு நிக்காதாம். இவரு ஆமான்னு சொல்லிப்புட்டா உள்ள போவணுமாம். இவரு உள்ள போய்ட்டா நான் இன்னா சார் பண்றது? எனக்கு வண்டிகூட ஓட்டத் தெரியாது."

மல்லிகா அழவில்லை. கோபமாகத்தான் கேட்டார். அந்தக் கோபத்தில் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தது.

நான் கீழ்நாட்டு ஆள். எனக்கு இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கூண்டில் ஏறி, 'நான் சொல்வதெல்லாம் உண்மை' என்று ஆரம்பித்துவிட்டு, அடுத்த வார்த்தையிலேயே வாய் கூசாமல் அளக்கிறவர்களை நாம் பார்க்காததா? சொத்துக்காகச் சொல்கிறார்கள், பதவிக்காகச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டு வெளியே வந்து மாலை போட்டுக்கொள்கிறார்கள். இந்த மனிதன் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு குடும்பம் பிழைக்கும்.

"கோவிந்தன், சும்மா சொல்லிட்டு வாங்க. கோர்ட்ல கல்லு இல்ல. அங்க நீங்க சொல்றது யார் காதுலயும் விழாது" என்றேன்.

செல்ஃபி முடித்துவிட்டு வந்த ஒரு கூட்டத்துக்கு அவர் டீ பிடித்துக் கொடுத்தார். மிச்சத்தை என் கப்பில் ஊற்றினார்.

"நானும் அப்டித்தான் சார் நெனச்சேன். கல்லு இங்கயே நின்னுக்கினு இருந்தா பிரச்சனயே இல்ல. மலைய எறங்கிப் போய்ட்டு, அதுக்குக் கேக்காத எடத்துல ஒரு பொய்யச் சொல்ட்டு வந்திருப்பேன். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இப்ப அது எங்க கீது? எந்த வளைவுல கொட்டுனானோ, எவனுக்கும் தெரியல. பஸ்ஸு அது மேல ஏறித்தான் எறங்குது. அது மேல ஏறித்தான் வருது. கீழ பொய்யச் சொல்ட்டு, அத்த வாயில வெச்சிக்கினு, அவரு தல மேலயே எப்டி சார் வூட்டுக்கு வர்றது?"

மல்லிகா காலி கேனை எடுத்துக்கொண்டார். "கேட்டுக்கினீங்களா சார்? தெனம் இதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். டீக்கு நன்றி சொன்னேன். டீயில் தண்ணீர் அதிகமாக இருந்தது. நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மாலை பஸ்ஸில் இறங்கினேன். புது ரோடு, அகலமான ரோடு, பஸ் வழுக்கிக்கொண்டு போகிறது. ஒவ்வொரு வளைவிலும் மஞ்சள் போர்டு வைத்திருக்கிறார்கள். பாதி வழியில் வீட்டிலிருந்து போன்.

"எங்க இருக்கீங்க?"

எங்கே இருந்தாலும் இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான் — 'இதோ, பக்கத்துல வந்துட்டேன்.' நாக்கு நுனி வரை வந்தது. பஸ் ஒரு வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் கீழே தார் ரோட்டைப் பார்த்தேன்.

"இன்னும் மலையிலதான் இருக்கேன். வர ரொம்ப நேரமாகும்" என்றேன்.

"ஏன், உடம்பு ஏதாவது சரியில்லையா?" என்றாள் மனைவி.

மலை முடிந்தது. சந்தவாசலில் பஸ் நின்றது. வீடு இருக்கிற வேலூருக்கு இன்னும் ஒரு தூக்கம் போடுகிற தூரம். மறுபடியும் போன் வந்தது.

"இதோ, வேலூர் வந்துட்டேன்" என்றேன்.